புற்றுநோய் ஆய்வில் நோய்க்குறியியல் அறிக்கைகளைக் கட்டமைத்தல்: கனகசெட்டிக்குளம் முதலான புதுச்சேரி எல்லையூர்களை முன்வைத்து ஒரு மொழிநிலை நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

புற்றுநோயை உறுதிசெய்யும் ஆவணம் நோய்க்குறியியல் அறிக்கை. அது ஒரு நோயாளியின் மருத்துவத்திற்காக எழுதப்படுவது. எனினும், பல்லாயிரம் அறிக்கைகள் ஒருங்கு சேரும்போது ஒரு வட்டாரத்தின் நோய்நிலையைக் காட்டும் சான்றாகிறது. அவ்வாறு ஆவதற்கு அறிக்கையின் உரைநடை, வரையறுத்த கூறுகளாகப் பகுக்கப்பெற வேண்டும். இப்பகுப்பு எவ்வாறு நிகழ்கிறது, புதுச்சேரிப் பகுதியின் வாய்ப் புற்றுநோய்த் தரவு இதனால் பெற்றது என்ன, ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் எழுதப்படும் முறையால் அத்தரவு இழப்பது என்ன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. கணினியியலும் மருத்துவமும் மட்டும் தீர்க்க இயலாத சில சிக்கல்கள் தமிழாய்வின் எல்லைக்குள் வருகின்றன என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: நோய்க்குறியியல் அறிக்கை, கட்டமைத்த தரவு, புற்றுநோய்ப் பதிவகம், ஊர்ப்பெயர், எழுத்துப்பெயர்ப்பு, கலைச்சொல்.

முன்னுரை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிப் பகுதியின் வடகோடியில், விழுப்புரம் மாவட்டத்தை ஒட்டி அமைந்துள்ள ஊர் கனகசெட்டிக்குளம். அதற்கு அருகிலேயே கணபதிசெட்டிக்குளம் என்னும் மற்றோர் ஊரும் உள்ளது. சாலையில் செல்வோருக்கு எல்லை ஒரு சோதனைச் சாவடியளவில் முடிந்துவிடும். நோய்க் கணக்கில் அவ்வாறு முடிவதில்லை. எல்லைக்கு இப்பால் வாழும் ஒருவரது நோய் புதுச்சேரியின் கணக்கிலும், அப்பால் வாழ்பவரது நோய் தமிழ்நாட்டின் கணக்கிலும் சேர வேண்டும். இருவரும் ஒரே மருத்துவமனைக்கு வரக்கூடும். இருவரது திசுவையும் ஒரே நோய்க்குறியியலாளர் ஆராயவும் கூடும். இவ்விருவரையும் பிரித்தறிய உதவுவது அறிக்கையின் தலைப்பகுதியில் எழுதப்படும் ஊர்ப்பெயர் ஒன்றே.

புதுச்சேரியின் மருத்துவக் கல்வி மரபு 1823-இல் பிரெஞ்சு அரசு நிறுவிய மருத்துவப் பள்ளியிலிருந்து தொடங்குகிறது. அதன் வழிவந்த சவகர்லால் பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் (ஜிப்மர்) இன்று புதுச்சேரி மக்களுக்கு மட்டுமன்றி, விழுப்புரம், கடலூர் முதலிய அண்டை மாவட்டத்தாருக்கும் புற்றுநோய் மருத்துவம் அளிக்கிறது. ஆகவே, ஒரு மருத்துவமனையின் அறிக்கைகளை எண்ணுவது ஒரு நிலப்பகுதியின் நோயை எண்ணுவதாகாது. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

1. அறிக்கை உருவாகும் முறை

மக்கள் வழக்கில் 'சதை எடுத்துச் சோதித்தல்' எனப்படுவது திசுப் பரிசோதனை. எடுக்கப்பட்ட திசு, ஃபார்மலின் கரைசலில் பதப்படுத்தப்பட்டு, மெழுகில் பதிக்கப்பட்டு, ஏறத்தாழ 4 அல்லது 5 மைக்ரான் தடிப்புள்ள சீவல்களாக வெட்டப்படுகிறது. ஹீமடாக்சிலின், ஈயோசின் என்னும் சாயங்கள் ஏற்றப்பட்ட சீவலை நுண்ணோக்கியில் கண்டு நோய்க்குறியியலாளர் அறிக்கை எழுதுகிறார்.

மரபான அறிக்கை மூன்று பகுதிகளை உடையது. வெறுங்கண்ணால் கண்டது முதற்பகுதி. நுண்ணோக்கியில் கண்டது இரண்டாம் பகுதி. முடிபு மூன்றாம் பகுதி. இவை பெரும்பாலும் தொடர்நடையில் எழுதப்படுகின்றன. எழுதுபவரின் பயிற்சி, நேரம், நடை ஆகியவற்றுக்கேற்ப ஒரே பொருள் பல சொற்களில் வெளிப்படும். அறுவை மருத்துவர் ஒருவர் இதனைப் படித்துப் புரிந்துகொள்வதில் இடரில்லை. ஆயிரம் அறிக்கைகளிலிருந்து ஒரே வினாவுக்கு விடை தேடும் ஆய்வாளருக்கோ இந்நடை தடையாகிறது.

2. உரைநடையிலிருந்து கட்டமைப்புக்கு

கட்டமைத்த அறிக்கை என்பது, கேட்கப்பட வேண்டிய வினாக்களை முன்னரே வரையறுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விடையிடம் அமைத்த அறிக்கையாகும். கட்டியின் இடம், அளவு, உயிரணு வகை, வேறுபாட்டுத் தரம், படர்ந்த ஆழம், அறுவை விளிம்பின் நிலை, ஆராயப்பட்ட நிணநீர்க் கணுக்களின் எண்ணிக்கை, அவற்றுள் நோய் பரவியவை எத்தனை என்பன அவ்வினாக்களுள் சில. அமெரிக்க நோய்க்குறியியலாளர் கல்லூரி இத்தகைய நெறிமுறைகளை உறுப்புவாரியாக வெளியிட்டு வருகிறது. 2011-இல் அமைந்த பன்னாட்டுப் புற்றுநோய் அறிக்கையிடல் கூட்டமைப்பு, நாடுகளுக்கிடையே வினாக்கள் ஒத்திருக்கப் பொதுத் தரவுத்தொகுதிகளை உருவாக்குகிறது.

கட்டமைப்பின் தலையாய பயன் வேகமன்று. எழுதப்படாததை வெளிக்காட்டுவதே ஆகும். தொடர்நடை அறிக்கையில் விளிம்பைப் பற்றிய தொடர் இல்லையெனில், விளிம்பு நோயற்றது எனக் கொள்வதா, ஆராயப்படவில்லை எனக் கொள்வதா என்பது விளங்காது. கட்டமைத்த அறிக்கையில் 'நோய் உண்டு', 'நோய் இல்லை', 'மதிப்பிட இயலவில்லை' என்னும் மூன்று விடைகளும் வெவ்வேறாக நிற்கின்றன. இன்மையும் அறியாமையும் ஒன்றல்ல என்னும் இவ்வேறுபாடு ஆய்வுக்கு இன்றியமையாதது.

இதற்கு வாய்ப் புற்றுநோய் தக்க சான்று. கட்டி, நிணநீர்க் கணு, தொலைப்பரவல் என்னும் மூன்றையும் கொண்டு நோயின் கட்டத்தை வரையறுக்கும் டி.என்.எம். முறையைப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் பியேர் தெனுவா 1940-களில் உருவாக்கத் தொடங்கினார். அமெரிக்கக் கூட்டுக்குழு வெளியிட்டு 2018 முதல் நடைமுறைக்கு வந்த எட்டாம் பதிப்பில், வாய்ப் புற்றின் அகலத்தோடு அது திசுவினுள் படர்ந்த ஆழமும் அளவுகோலாகச் சேர்க்கப்பட்டது. 1.8 செ.மீ. அகலமுள்ள கட்டி முந்தைய முறையில் முதல் நிலையைச் சேர்ந்தது. அதன் ஆழம் 7 மி.மீ. எனில் புதிய முறையில் அது இரண்டாம் நிலைக்கு மாறுகிறது. பழைய அறிக்கையில் ஆழம் குறிக்கப்படவில்லையெனில், அறிக்கையை மட்டும் கொண்டு அந்நோயாளியைப் புதிய முறையில் வகைப்படுத்த வழியில்லை. சீவல்கள் பாதுகாக்கப்பட்டிருந்தால் மட்டுமே மீண்டும் அளக்கலாம்.

இங்குச் சொற்பொருள் தெளிவும் வேண்டப்படுகிறது. கட்டியின் தடிப்பும் படர்ந்த ஆழமும் ஒன்றல்ல. தடிப்பு, கட்டியின் மேற்பரப்பிலிருந்து அளக்கப்படுவது. ஆழம், அருகிலுள்ள நலமான சளிப்படலத்தின் அடிச்சவ்வு மட்டத்திலிருந்து அளக்கப்படுவது. வெளிநோக்கிப் புடைத்த கட்டி தடிப்பு மிகுந்தும் ஆழம் குறைந்தும் இருக்கலாம். குழிந்த புண்ணாயின் நிலை தலைகீழாகும். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்த அறிக்கைத் தொகுதி, எத்துணைப் பெரிதாயினும், இவ்வினாவுக்கு விடை தராது.

3. குறியீடும் சொற்பொருளும்

விடைகள் ஒரே பொருளில் அமையக் குறியீடுகள் பயன்படுகின்றன. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோயியலுக்கான பன்னாட்டு நோய் வகைப்பாடு, ஒவ்வொரு புற்றையும் இருவகைக் குறியீடுகளால் சுட்டுகிறது. ஒன்று இடக்குறியீடு, மற்றது உருவக்குறியீடு. கன்னத்தின் உட்புறச் சளிப்படலத்திற்கு சி06.0 என்பது இடக்குறியீடு. செதிள் உயிரணுப் புற்றுக்கு 8070/3 என்பது உருவக்குறியீடு. சாய்கோட்டுக்குப் பின்வரும் எண் நோயின் இயல்பைக் குறிக்கும்: 0 தீங்கற்றது, 1 உறுதியற்றது, 2 தோன்றிய அடுக்கைக் கடவாதது, 3 ஊடுருவும் புற்று. எனவே, 8070/2, 8070/3 ஆகியவற்றிடையே உள்ள ஓரெண் வேறுபாடு, நோய் அடிச்சவ்வைக் கடந்ததா இல்லையா என்னும் வேறுபாடாகும்.

சொல் மட்டும் இருந்து குறியீடு இல்லாதபோது நேரும் இடரை ஒரு சொல்லால் விளக்கலாம். 'கன்னம்' என்பது உட்புறச் சளிப்படலத்தையும் குறிக்கும். வெளிப்புறத் தோலையும் குறிக்கும். தோலாயின் இடக்குறியீடு சி44.3. செதிள் உயிரணுப் புற்று இரண்டிடத்தும் தோன்றக்கூடியது. முன்னது புகையிலை, பாக்கு ஆகியவற்றின் மெல்லுதலோடு தொடர்புடையது. பின்னதன் முதன்மைக் காரணிகளுள் ஒன்று கதிரவனின் புறஊதாக் கதிர். ஒரு சொல்லின் மயக்கம் காரணத்தைப் பற்றிய முடிபையே மாற்றிவிடும்.

தமிழ் நிகண்டு மரபு இச்சிக்கலை நன்கறிந்தது. சேந்தன் திவாகரம், ஒருபொருளுக்குரிய பல பெயர்களைத் தொகுப்பதோடு, ஒருசொல்லுக்குரிய பல பொருள்களுக்கெனத் தனித்தொகுதியும் கொண்டுள்ளது. மருத்துவக் குறியீட்டகராதி செய்வதும் இவ்விருவகைத் தொகுப்பே. வேறுபாடு, அது ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண்ணைச் சேர்ப்பதில் உள்ளது. மருத்துவத் தமிழிலோ இவ்வொழுங்கு இன்னும் முழுமை பெறவில்லை. ஆங்கிலத்தில் 'செல்' என ஒரு சொல்லால் சுட்டப்படுவது தமிழில் உயிரணு, கலம், கண்ணறை, உயிர்மம் எனப் பலவாறு வழங்குகிறது. தமிழகத்தில் 'திசு' எனப்படுவது இலங்கையில் 'இழையம்'. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்தும் நூல்கள் வெளியிட்டும் தொடங்கிவைத்த கலைச்சொல்லாக்கம், இரு நாடுகளிலும் வெவ்வேறு வழிகளில் வளர்ந்ததன் விளைவு இது. சொற்பன்மை செழுமையே, ஆயினும், அவை ஒரு பொது எண்ணோடு பிணைக்கப்படும்வரை தரவாகப் பயன்படா.

4. அறிக்கைகளிலிருந்து நிலப்படம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981-இல் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் முதல் மக்கள்தொகைசார் பதிவகங்களுள் சென்னைப் பதிவகமும் ஒன்று. 1954-இல் நிறுவப்பட்ட அடையாறு புற்றுநோய் மையத்தில் அது இயங்குகிறது. பதிவகப் பணியாளர் மருத்துவமனைகளுக்கும் ஆய்வகங்களுக்கும் நேரில் சென்று தரவு திரட்டும் முறை இதில் கையாளப்பட்டது. பரந்த நாடு முழுமைக்கும் அம்முறையை விரிப்பது எளிதன்று. ஆகவே, 2001-இல் வேறொரு வழி தேர்ந்துகொள்ளப்பட்டது. நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட மையங்களின் நோய்க்குறியியல் துறைகள், நுண்ணோக்கியால் உறுதிசெய்த புற்றுநோய்களின் அடிப்படை விவரங்களை ஒரே படிவத்தில் இணையவழி அனுப்பின. 2001–2002 ஆண்டுகளுக்கு இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் திரண்டன. இவற்றை மாவட்டவாரியாகப் பகுத்து உருவாக்கப்பட்டதே இந்தியப் புற்றுநோய் நிலப்படம்.

அந்நிலப்படம் வெளிப்படுத்திய செய்திகளுள் புதுச்சேரி குறிப்பிடத்தக்க இடம் பெற்றது. ஆண்களின் வாய்ப் புற்றுநோய் வீதம் இங்கு ஒரு இலட்சத்துக்கு 8.9 எனக் கணக்கிடப்பட்டது. இது உலகின் மிகவுயர்ந்த வீதங்களுள் ஒன்று. வெற்றிலை, பாக்கு மெல்லுதல் புகையிலையின்றியும் புற்றுநோய் விளைவிக்கும் எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட தொகுதியில் வகைப்படுத்தியதோடு இச்செய்தியை இணைத்து நோக்கலாம்.

இவ்வீதத்தை 'குறைந்தபட்ச வீதம்' என்றே நிலப்படம் பெயரிட்டது. அப்பெயர் கவனத்திற்குரியது. திசுப் பரிசோதனைக்கு வராத நோயாளி இக்கணக்கில் இல்லை. கல்லீரல், கணையம், நுரையீரல் முதலிய உள்ளுறுப்புகளில் திசு எடுப்பது கடினமாதலின் அவற்றின் எண்ணிக்கை குறைந்து தோன்றும். வாயிலோ நோய் கண்ணுக்குப் புலப்படும். திசு எடுப்பதும் எளிது. எனவே, நோய்க்குறியியல் தரவு வாய்ப் புற்றுக்கு நம்பகமான சான்றாகவும், உள்ளுறுப்புப் புற்றுகளுக்குக் கீழெல்லையாகவும் அமைகிறது. உறுப்புகளைத் தம்முள் ஒப்பிடும் ஆய்வாளர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

5. ஊர்ப்பெயரும் ஆட்பெயரும்

வீதம் என்பது ஒரு பின்னம். மேலெண் நோயாளிகளின் தொகை. கீழெண் அப்பகுதி மக்கள்தொகை. கீழெண்ணைக் குடிக்கணக்கெடுப்பு தருகிறது. மேலெண் சரியாக அமைய ஒவ்வொரு நோயாளியின் வாழிடமும் தெரிதல் வேண்டும். குறைந்தது ஓராண்டு வாழ்ந்தவரையே ஒரு பகுதியினராகப் பதிவகம் கொள்கிறது. புதுச்சேரிப் பகுதி தொடர்ச்சியான ஒரே நிலப்பரப்பன்று. விழுப்புரம், கடலூர் மாவட்ட ஊர்களுக்கிடையே துண்டு துண்டாகப் பரந்து கிடப்பது. 2012 முதல் தமிழ்நாடு முழுமைக்குமான பதிவுத் திட்டமும் இயங்குவதால், எல்லையூர் நோயாளி ஒருவர் இரு கணக்குகளிலும் சேரலாம். இரண்டிலும் விடுபடவும் கூடும்.

இங்குக் கனகசெட்டிக்குளமும் கணபதிசெட்டிக்குளமும் தரும் பாடம் பெரிது. தமிழில் இவை தெளிவாக வேறுபட்ட பெயர்கள். உரோமன் எழுத்தில் எழுதும்போது னகரமும் ணகரமும் ஒரே எழுத்தாகின்றன. ககரம் ஓரிடத்தில் வல்லொலி எழுத்தாலும் பிறிதோரிடத்தில் மெல்லொலி எழுத்தாலும் எழுதப்படுகிறது. 'செட்டிக்குளம்' என்பது சேர்த்தும் பிரித்தும், ஒற்று இரட்டித்தும் இரட்டிக்காமலும் வரும். முதற்பகுதியைச் சுருக்கி முதலெழுத்தாக மட்டும் எழுதினால் ஈரூரும் ஓரூராகிவிடும். எழுத்தொப்புமையைக் கொண்டு பெயர்களை இணைக்கும் கணினி நிரல், ஒருபுறம் ஓரூரின் பல வடிவங்களை வெவ்வேறு ஊர்களாகப் பிரிக்கும்; மறுபுறம் ஈரூர்களை ஒன்றாகச் சேர்க்கும். பிழையின் இரு திசைகளும் ஒரே இடத்தில் நிகழ்வதால் மொத்தத் தொகையைக் கண்டு பிழையை உணர இயலாது.

ஆட்பெயரின் சிக்கல் இதனினும் நுண்ணியது. ஒரு நோயாளிக்கு முதல் திசுப் பரிசோதனை, அறுவைக்குப் பின் முழுப் பரிசோதனை, பிறிதொரு மையத்தில் சீவல் மறுபார்வை எனப் பல அறிக்கைகள் உண்டாகும். அறிக்கைகளின் எண்ணிக்கையிலிருந்து ஆட்களின் எண்ணிக்கையைப் பெறப் பெயர்களை இணைக்க வேண்டும். தமிழ்ப் பெயரின் முன்னெழுத்து, ச, சா, சி, சு, செ என எதுவாயினும் உரோமன் வடிவில் பெரும்பாலும் ஒரே எழுத்தாகச் சுருங்கும். பெண்கள் பலருக்குத் திருமணத்திற்குப்பின் தந்தையின் முன்னெழுத்து கணவருடையதாக மாறும். குடும்பப் பெயருக்குரிய கட்டத்தில் சிலர் தந்தை பெயரையும், சிலர் ஊர்ப்பெயரையும் நிரப்புவர். புதுச்சேரியில் பிரெஞ்சு எழுத்து மரபும் சேர்கிறது. முருகன் என்னும் பெயரின் உகரங்களை அம்மரபினர் ஒவ்வொன்றுக்கும் இரண்டு உயிரெழுத்துகளைச் சேர்த்து எழுதுவர். ஆங்கில மரபினர் ஓரெழுத்தால் எழுதுவர். பழைய ஆவணத்தில் ஒருவடிவும் புதிய அட்டையில் மற்றொரு வடிவும் கொண்ட ஒருவர், தரவில் இருவராகத் தோன்றுவார்.

ஐரோப்பியப் பெயர்களுக்கென வகுக்கப்பட்ட ஒலியொப்புமை விதிகள் இங்குப் போதா. தமிழ் ஒலியனியலையும் இவ்வட்டார எழுத்து வழக்கையும் அறிந்தோர் வகுக்கும் விதிகளே பயன்தரும். வருவாய்ச் சிற்றூர்களின் குடிக்கணக்கெடுப்புக் குறியெண்ணோடு, ஒவ்வோர் ஊர்ப்பெயரின் தமிழ் வடிவத்தையும் வழக்கிலுள்ள உரோமன் வடிவங்களையும் இணைத்த ஓர் ஊர்ப்பெயர் அடைவு உருவாக்கப்பட்டால், பதிவின்போதே ஊரைத் தேர்ந்தெடுக்கச் செய்யலாம். பாடவேறுபாடுகளைத் தொகுத்து மூலத்தை நிறுவும் பதிப்பியற் பயிற்சி உடையோருக்கு இப்பணி புதிதன்று.

6. பழைய அறிக்கைகளை வாசித்தல்

கட்டமைப்பு இன்று தொடங்கினும், கடந்த பல பத்தாண்டுகளின் அறிக்கைகள் தொடர்நடையிலேயே உள்ளன. அவற்றைக் கணினியால் வாசிக்கும்போது முதலில் எதிர்ப்படுவது எதிர்மறை. 'நிணநீர்க் கணுவில் புற்று' என்னும் சொற்களைத் தேடினால், 'நிணநீர்க் கணுவில் புற்று இல்லை' என்னும் தொடரும் அகப்படும். ஆங்கில மருத்துவ உரையில் எதிர்மறையையும் அதன் ஆட்சியெல்லையையும் கண்டறிய வெண்டி சாப்மன் குழுவினர் 2001-இல் வெளியிட்ட 'நெக்எக்ஸ்' என்னும் எளிய விதிமுறை பெரிதும் பயன்பட்டது. ஆங்கிலத்தில் எதிர்மறைச் சொல் பெரும்பாலும் முன்வரும். தமிழில் அது தொடரின் இறுதியில் நிற்கும். எனவே, தமிழில் எழுதப்படும் மருத்துவக் குறிப்புகளுக்கு அவ்விதி அப்படியே பொருந்தாது.

அடுத்தது ஐயம். நோய்க்குறியியலாளர் உறுதியின் அளவைச் சொல்லால் உணர்த்துவர். அமெரிக்கப் பதிவக விதிகளில், திசு அறிக்கை ஒன்று 'புற்றுடன் ஒத்துள்ளது' எனக் கூறின் அது நோயாகப் பதிவாகும். 'புற்றை விலக்க இயலாது' எனக் கூறின் பதிவாகாது. ஒரு சொல்வழக்கின் தேர்வு ஒருவரை எண்ணிக்கைக்குள் கொணர்கிறது அல்லது வெளியே நிறுத்துகிறது. ஐயப்பொருளை உணர்த்தும் சொற்களின் படிநிலையை வரையறுப்பது சொற்பொருளியலின் பணியாகும்.

7. கட்டமைப்பின் எல்லைகள்

கட்டமைப்பு எல்லாவற்றையும் தாங்காது. அரிதான தோற்றத்தைக் காணும் நோய்க்குறியியலாளர் தம் ஐயத்தைத் தொடர்நடையில்தான் எழுத இயலும். கட்டங்களுக்குள் அடங்காத அத்தகைய குறிப்புகள் புதிய நோய்வகைகளை இனங்காண வழிவகுத்துள்ளன. ஆதலின், தொடர்நடைக்கும் ஓரிடம் விடப்பெறுதல் வேண்டும். மேலும், புகையிலைப் பழக்கம், தொழில், சிகிச்சைக்குப் பிந்தைய வாழ்நாள் ஆகியன பெரும்பாலும் இவ்வறிக்கையில் இடம்பெறுவதில்லை. காரணத்தையும் விளைவையும் ஆராய மருத்துவமனைக் குறிப்புகளோடும் இறப்புப் பதிவோடும் அறிக்கையை இணைத்தாக வேண்டும்.

இணைப்பு பெருகுந்தோறும் அந்தரங்கத்தின் இடரும் பெருகும். பெயரை நீக்கிவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்பது சிற்றூருக்குப் பொருந்தாது. ஊர், வயது, பால், அரிய நோய்வகை ஆகிய நான்கும் சேர்ந்தால் ஊராருக்கு ஆள் புலப்பட்டுவிடும். மாவட்டத்திற்கு ஏற்ற நுண்மை சிற்றூருக்கு ஏற்றதன்று. ஊர்க்குறியெண் கணக்கிடுவதற்குப் பதிவகத்தினுள் இருத்தலும், வெளியீட்டில் அது பெரிய அலகாக ஒடுங்குதலும் வேண்டும். 2023-இல் இயற்றப்பட்ட எண்மத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு அறநெறி வழிகாட்டுதல்களும் இப்பொறுப்பை நினைவூட்டுகின்றன.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. கட்டமைத்த அறிக்கை, நோயின்மையையும் ஆராயப்படாமையையும் வேறுபடுத்துவதால் ஆய்வுக்குரிய தரவாகிறது. எழுதப்படாத கூறு ஒன்றைப் பின்னாளில் எந்தக் கணினி நிரலும் மீட்டுத்தர இயலாது.

2. 2001–2002 தரவால் புதுச்சேரியின் வாய்ப் புற்றுநோய்ச் சுமை வெளிப்பட்டது. நோய்க்குறியியல் துறைகள் ஒரே படிவத்தில் சில கூறுகளை மட்டும் பதிந்ததாலேயே இது இயன்றது.

3. உயிரணு வகைக்கும் இடத்திற்கும் பன்னாட்டுக் குறியீடுகள் உள்ளன. ஊருக்கும் ஆளுக்கும் அத்தகைய ஒழுங்கு இன்னும் உறுதிப்படவில்லை. புதுச்சேரி போன்ற சிதறிய நிலப்பகுதியில் இக்குறை வீதத்தையே பாதிக்கும்.

4. ஊர்ப்பெயர் அடைவு, தமிழ்ப் பெயர்களுக்கான ஒலியொப்புமை விதிகள், எதிர்மறை மற்றும் ஐயச் சொற்களின் வகைப்பாடு, கலைச்சொல்லைக் குறியீட்டோடு பிணைத்தல் ஆகிய நான்கும் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க பணிகள்.

எல்லையூர் ஒன்றில் நோயுற்றவர் எந்தக் கணக்கில் சேர்கிறார் என்பது அவ்வட்டாரத்துக்கு நோய் கண்டறியும் முகாமும் மருத்துவ வசதியும் ஒதுக்கும் முடிவோடு தொடர்புடையது. கனகசெட்டிக்குளம் என்னும் பெயர் பிழையின்றி எழுதப்படுவது, அந்த அளவில், பொதுநலம் பற்றிய வினாவாகிறது.